மௌனமும் புகழ்ச்சியும்
யூதர்தம் இறைக்கொள்கை குறித்து ஒரு திறனாய்வு

ஒரு சமூகத்தாரின் இறைக்கொள்கையை அறிய விரும்புவோர் அவர்தம் பகைவரைக் கேட்டல் தகாது. அவர்தம் அரசியலைக் கொண்டு அளத்தலும் தகாது. அவர்கள் தொழுகையில் என்ன சொல்கின்றனர், தம் மக்களுக்கு என்ன ஓதிக் கொடுக்கின்றனர், தமக்குள் எதன்பொருட்டு வாதிட்டனர் என்னும் மூன்றையுமே நோக்குதல் வேண்டும். யூதர் விஷயத்தில் இவ்விதியை நம்மில் பெரும்பாலோர் கைக்கொள்வதில்லை. பலஸ்தீன மக்கள் 1948 முதல் பட்டுவரும் துயரம் நம் நெஞ்சை அழுத்துகின்றது. ஆதலின், யூதர் என்னும் சொல் காதில் விழுந்த அளவிலேயே இஸ்ரேல் என்னும் அரசு நம் கண்முன் வந்து நிற்கிறது. துயரம் மெய், அதுபற்றி எழும் சினமும் நியாயமானதே. ஆயினும், ஓர் அரசின் செயலையும் மிகப் பழமையான ஒரு நம்பிக்கையையும் பிரித்தறியாத ஆய்வு ஆய்வாகாது.

பிறர் சமயத்தை நடுவுநிலையில் நின்று நோக்கும் பண்பு நாஞ்சில் நாட்டு முஸ்லிம்களுக்குப் புதியதன்று. இடலாக்குடி ஈன்ற சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவ உலகமே இரண்டுபட்டு நின்ற காலத்தில், அவை அருட்பாவே என்று மேடையேறி நிறுவினார். சீறாப்புராணத்துக்கு உரை கண்ட அப்பெருமகனார், பிறர் சமயப் பாடலுக்கு நீதி வழங்கியதனால் தம் ஈமானில் ஓர் அணுவும் குறைந்தாரல்லர். அவர் பிறந்த மண்ணிலிருந்து யூதர்தம் இறைக்கொள்கையை நோக்கும்போது அவர் வகுத்த அளவுகோலே நமக்கும் அளவுகோலாகும்.

இவ்வாய்வினால் விளையும் பயன் இரண்டு. வேதக்காரராகிய ஒரு சமூகத்துக்கு நீதி செய்தல் ஒன்று. நம் தக்கலை ஞானப்புகழ்ச்சியின்மீது இக்காலத்தில் எழுப்பப்படும் ஒரு வினாவுக்கு விடை காணுதல் மற்றொன்று. முன்னதன் வழியாகவே பின்னதற்குச் செல்லவேண்டும்.

பெயரும் பெயரில்லாமையும்

யூதர் நமக்கு அந்நியர் என்று எண்ணுவது வரலாறு அறியாதார் கூற்று. கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டில் சாட்சிக் கையொப்பங்கள் மூவகை எழுத்தில் உள்ளன: கூபி எழுத்தில் அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்தில் பாரசீகம். ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு அளித்த கொடைக்கு முஸ்லிமும் யூதரும் சாட்சி நின்றனர். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேரமன்னர் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு வட்டெழுத்துச் செப்பேட்டில் 72 உரிமைகளோடு 'அஞ்சுவண்ணம்' வழங்கினார். மேலைநாட்டு வணிகர் குழுவைக் குறித்த அச்சொல் நம் மாவட்டத்து முஸ்லிம்களிடையே இன்னும் வழங்குகின்றது. தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவல் ஒன்றுக்கு 'அஞ்சுவண்ணம் தெரு' என்றே பெயரிட்டார். யூதர் ஏட்டிலும் நம் தெருவிலும் ஒரே சொல் நிற்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எனினும், இன்றைய நாஞ்சில் நாட்டு வாசகர் யூதர்தம் இறைவனைச் சந்திப்பது செப்பேட்டின் வழியாக அன்று. தமிழ் விவிலியத்தின் வழியாகவே. 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்து பணி தொடங்கினார். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்ட மக்களில் நூற்றுக்கு 46 பேருக்கு மேல் கிறிஸ்தவர். பள்ளியிலும் அண்டை வீட்டிலும் பழைய ஏற்பாட்டின் சொற்களை நம் பிள்ளைகள் கேட்டு வளர்கின்றனர். அங்கே இறைவனுக்குரிய பெயர் 'கர்த்தர்' என்று வருகின்றது. எபிரேய மூலத்தில் அவ்விடத்தில் இருப்பது நான்கு மெய்யெழுத்துகளால் ஆகிய ஒரு திருநாமம். அதனை யூதர் வாயால் உச்சரிப்பதில்லை; எழுதியிருப்பதைக் கண்டதும் 'என் ஆண்டவர்' எனப் பொருள்படும் 'அதோனாய்' என்னும் சொல்லையே ஓதுவர். கிரேக்க மொழிபெயர்ப்பு அதற்கேற்ப 'ஆண்டவர்' எனப் பொருள்படும் சொல்லை அமைத்தது. தமிழும் அவ்வழியே சென்றது. ஆகவே 'கர்த்தர்' என்பது பெயரின் மொழிபெயர்ப்பன்று. பெயரைச் சொல்லாது விட்ட பணிவின் மொழிபெயர்ப்பாகும்.

கடவுள் என்னும் பொதுச்சொல்லுக்கும் தமிழ் விவிலியம் பல நூற்றாண்டுகள் அலைந்தது. சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரீசியுஸ் 'பராபரன்' என்றார். பவர் ஐயரின் திருத்தத்தில் 'தேவன்' நிலைத்தது. இவற்றுள் 'பராபரன்' என்பதன் பயணம் வியப்புக்குரியது. தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார். நம் குணங்குடி மஸ்தான் சாகிபும் (1792–1838) பராபரக்கண்ணி பாடினார். இடையில் இஸ்ரவேலரின் இறைவனுக்கும் தமிழில் அதுவே பெயராயிற்று. மூன்று சமயத்தார் ஒரு சொல்லை எடுத்தாண்டமையால் மூன்று கொள்கையும் ஒன்றாகிவிடவில்லை. சொல் பொதுவானது, அச்சொல்லால் எதனை ஏற்கின்றனர், எதனை மறுக்கின்றனர் என்பதே கொள்கை. இக்கருத்தை வாசகர் மனங்கொள்க. பின்னர் இது பயன்படும்.

கொள்கையின் சாரம்

இறைவன் ஒருவனே என்று இஸ்ரவேலருக்கு அறிவிக்கும் தவ்ராத்தின் வாக்கியத்தை யூதர் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் ஓதுகின்றனர்; மரணப்படுக்கையிலும் அதனையே ஓத முயல்வர். 'ஷெமா' என்று அதற்குப் பெயர். 'கேள்' என்பது பொருள். அவ்விறைவன் படைத்தவன்; தொடக்கமும் முடிவும் இல்லாதவன்; அவனுக்கு உருவம் அமைத்தல் விலக்கப்பட்டது. அவதாரக் கொள்கையும், தந்தை மகன் ஆவி என்னும் மும்மைக் கொள்கையும் யூதருக்கு உடன்பாடல்ல.

இங்கு ஓர் ஐயம் எழும். உஸைரை இறைவனின் மகன் என யூதர் கூறினர் என்று அத்தவ்பா அத்தியாயத்தில் திருமறை கண்டிக்கின்றதே என வாசகர் வினவலாம். நம் முபஸ்ஸிர்களே இதற்கு விளக்கம் தந்துள்ளனர். யூதரில் ஒரு கூட்டத்தாரின் கூற்றே அங்குக் குறிக்கப்படுவது எனப் பலர் உரைத்தனர். ஒரே ஒருவர் சொன்னதாக வந்த அறிவிப்பையும் இமாம் தபரி பதிவு செய்துள்ளார். அக்கூற்று யூதர் அனைவரின் அகீதாவன்று. வேதக்காரரிடம், நம் இறைவனும் உங்கள் இறைவனும் ஒருவனே என்று கூறும்படி அல் அன்கபூத் அத்தியாயம் நமக்குக் கற்பிப்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

வேறுபாடு எங்கே? இறைவன் எத்தகையவன் என்பதில் அன்று. அவன் யாரோடு உடன்படிக்கை செய்தான் என்பதில். இஸ்ரவேல் சந்ததியாரைத் தேர்ந்து அவன் ஓர் உடன்படிக்கை செய்தான், அது என்றும் நிற்பது என்பது யூதர் நம்பிக்கை. தேர்வு என்பது உரிமையன்று, பொறுப்பு என்று அவர்தம் அறிஞர் விளக்குவர். எத்தியோப்பியரும் இஸ்ரவேலரும் இறைவன் முன் ஒருநிகர் என்ற கருத்தை அவர்தம் தீர்க்கதரிசி ஆமோஸே உரைத்தார். எனினும், அகிலத்தார் அனைவரின் இறைவனை ஒரு வம்சத்தாரின் உடன்படிக்கையோடு இணைத்துப் பேசும்போது எழும் இறுக்கம் அக்கொள்கையுள் இன்றளவும் தீராது நிற்கிறது. இறுதித் தூதர் (ஸல்) அவர்களின் அழைப்பு அவ்விறுக்கத்தை அவிழ்த்தது என்பதே நம் நிலை. ஆனால் இது நுபுவ்வத்தைப் பற்றிய வாதம், தவ்ஹீதைப் பற்றியதன்று. இரண்டையும் குழப்புதல் கூடாது.

மூஸா இப்னு மைமூனின் மறுப்பு வழி

யூதர்தம் இறையியலின் தலைசிறந்த நூல்கள் அரபியில் எழுந்தவை என்பதை நம்மவர் பலர் அறியார். பையூமில் பிறந்த ஸஅத்யா (882–942) கலாம் அறிஞர்தம் முறையைத் தழுவிக் கொள்கை நூல் இயற்றினார். பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த பஹ்யா இப்னு பகூதா, உள்ளத்தின் கடமைகளைக் கூறும் தம் நூலின் முதல் வாயிலைத் தவ்ஹீதுக்கே ஒதுக்கினார். அவ்வரிசையின் சிகரம் மூஸா இப்னு மைமூன் (1138–1204). மேலைநாட்டார் மைமோனிடிஸ் என்பர்.

குர்துபாவில் பிறந்த அவர் பத்து வயதுச் சிறுவராய் இருந்தபோது, 1148இல், முவஹ்ஹிதூன்கள் அந்நகரைக் கைப்பற்றினர். ஏகத்துவவாதிகள் என்பதே அவர்தம் பெயரின் பொருள். அப்பெயர் பூண்ட அரசு, இறைவன் ஒருவன் என நம்பிய மற்றொரு சமூகத்தாரை மதம் மாறவோ நாடு துறக்கவோ நெருக்கியது. அலைந்த அக்குடும்பத்துக்கு நிழல் தந்ததும் முஸ்லிம் நாடே. எகிப்தில் சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்காளி அல்பாளில் அவரைத் தம் மருத்துவராகக் கொண்டார். முஸ்லிம்களால் துன்புற்ற அவர், நபித்துவம் பற்றி நம்மோடு கடுமையாக மாறுபட்ட அவர், முஸ்லிம்கள் சிலைவணக்கத்தார் அல்லர். இறைவனின் ஒருமையை ஒழுங்காக ஏற்றவர் என்று, யூதராக மாறிய ஒபதியா என்பாருக்கு விடை எழுதினார். காயமுற்றவர் வழங்கிய இத்தீர்ப்பு நம்மை நாணச் செய்வது. அதற்கு ஈடான நீதியை நாம் அவர்தம் சமூகத்துக்கு வழங்கியுள்ளோமா?

1190ஐ ஒட்டி அவர் அரபியில் முடித்த 'தலாலத்துல் ஹாயிரீன்' (திகைப்போர்க்கு வழிகாட்டி) என்னும் நூல், இறைவனைப் பற்றி யாது கூறலாம் என்று ஆராய்கின்றது. அவர் கண்ட முடிவு கடுமையானது: இறைவன் இத்தகையவன் என்று எதனையும் ஏற்றிச் சொல்லுதல் ஆகாது, இத்தகையவன் அல்லன் என்று நீக்கிச் சொல்லுதலே முறை. 'அவன் அறிவுடையவன்' எனின், அவனிடம் அறியாமை இல்லை என்பதே பொருள். 'அவன் ஒருவன்' எனின், பன்மை இல்லை என்பதே பொருள். ஏற்றிச் சொல்லும் ஒவ்வொரு பண்பும் அவனைப் படைப்போடு ஒப்பிடும் என அவர் அஞ்சினார்.

இதற்கு அவர் தரும் உவமை நம் குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தாருக்கு எளிதில் விளங்கும். கப்பல் என்று ஒன்று உண்டு எனக் கேள்விப்பட்ட ஒருவர், அஃது இன்னதென அறியார். அது கனிப்பொருள் அன்று என ஒருவர் அறிகிறார். உயிர்ப்பொருள் அன்று என மற்றொருவர். மண்ணில் வேரூன்றிய செடி அன்று என வேறொருவர். தட்டையானதன்று, உருண்டையானதன்று என அடுத்தவர். இவ்வாறு நீக்கிக்கொண்டே சென்றால் பத்தாமவர் கப்பலைக் கண்டவரை நெருங்கிவிடுவார். நீக்கமும் அறிவே என்பது இதன் கருத்து.

இவ்வழி நமக்குப் புதியதன்று. அஷ்அரி அகீதாவை ஓதியோர் இமாம் ஸனூஸியின் (இறப்பு 1490) இருபது ஸிபத்துகளை அறிவர். அவற்றுள் ஐந்து, ஸல்பிய்யா எனப்படும் நீக்கப் பண்புகள்: தொடக்கம் இன்மை, முடிவு இன்மை, படைப்புக்கு ஒப்பாகாமை, பிறரைச் சாராமை, பன்மை இன்மை. ஆனால் நம் இமாம்கள் அவ்வைந்தோடு நில்லாது, ஆற்றல், நாட்டம், அறிவு, உயிர்த்தன்மை, கேள்வி, பார்வை, பேச்சு என்று ஏற்றிச் சொல்லும் பண்புகளையும் நிறுவினர். இப்னு மைமூன் பின்னதை மறுத்தார். இங்கேதான் அவர்தம் நூலின் வலிமையும் குறையும் ஒருங்கே வெளிப்படுகின்றன.

வலிமை யாது? அறியாமையில் பிறக்கும் உருவ வழிபாட்டை அது வேரோடு அறுத்தது. இறைவனின் உடலுறுப்புகளுக்கு அளவு கூறிய 'ஷியூர் கோமா' என்னும் பழஞ்சுவடி யூதரிடையே வழங்கியது. அதனை அவர் போலி எனத் தள்ளினார். குறை யாது? அடியான் தொழும்போது நீக்கத்தை நோக்கிக் கையேந்த இயலாது. ஒரு தல்மூது நிகழ்ச்சியை அவரே எடுத்தாள்கிறார். ரப்பி ஹனீனாவின் முன் ஒருவர் தொழுகையில் புகழ்மொழிகளை அடுக்கிக்கொண்டே போனார். பொற்காசு கோடி உடைய மன்னனை வெள்ளிக்காசுக்காகப் புகழ்வது இழிவு அன்றோ என ரப்பி கடிந்தார். ஆகவே தொழுகையில் நிற்கும் சில புகழ்ச்சொற்களும் மூஸா (அலை) அவர்கள் மொழிந்தமையாலும் முன்னோர் தொழுகையில் வகுத்தமையாலும் மட்டுமே அனுமதிக்கப்பட்டவை என்பார் இப்னு மைமூன். புகழ்ச்சி அவருக்கு ஒரு சலுகை, மௌனமே உயர்நிலை.

அவர்தம் சமூகம் இதனை எதிர்ப்பின்றி ஏற்கவில்லை. இறைவனுக்கு உடலுண்டு என எண்ணுவோன் வேதமறுப்பாளன் என்று அவர் எழுதியதைப் பிரான்சு நாட்டு ரப்பி ஆபிரகாம் பின் தாவீது கண்டித்தார். உடலுண்டு என்று அவர் வாதிட்டாரல்லர். வேதத்தின் வெளிப்பொருளைக் கொண்டு மயங்கிய நல்லோரை வேதமறுப்பாளர் எனல் தகாது என்பதே அவர் கருத்து. பின்னர்த் தோன்றிய கபாலா ஞானியர், அறியவொண்ணா எல்லையின்மையையும் அதிலிருந்து வெளிப்படும் பத்து நிலைகளையும் பேசினர். கிறிஸ்தவர் மூன்றை நம்பினால் இவர்கள் பத்தை நம்புகின்றனர் என்று அவர்களை ஒருவர் எள்ளியதை ரப்பி இஸ்ஹாக் பின் ஷேஷத் பதிவு செய்துள்ளார். ஏகத்துவத்தைக் காப்பதாகக் கூறி ஞானியரைப் பழிப்பதும், ஞானம் பேசி எல்லை கடப்பதும் நம் சமூகத்துக்கு மட்டும் உரிய நோய்கள் அல்ல என்பது இதனால் புலனாகும்.

பாடலாகிய கொள்கை

வரலாறு இப்னு மைமூனுக்கு ஒரு விசித்திரமான விடை தந்தது. மிஷ்னா விரிவுரையில் அவர் தொகுத்த பதின்மூன்று கொள்கைகள் பிற்காலத்தில் 'யிக்தால்' என்னும் எபிரேயப் பாடலாயின. இன்றும் அது யூதத் தொழுகையிடங்களில் பாடப்படுகின்றது. மௌனத்தை உயர்த்தியவரின் கொள்கையே பாட்டின் தோளேறித்தான் மக்களை அடைந்தது. அவர்தம் மகனார் ஆபிரகாம் (1186–1237), சூபியாக்களின் வழியைத் தீர்க்கதரிசிகளின் வழி என மதித்து, சுஜூதைத் தம் மக்களின் தொழுகையில் மீட்க முயன்றார். தந்தையின் நூல் சென்று சேராத இடத்துக்கு உள்ளமுருகும் வணக்கம் செல்லும் என அவர் கண்டார் போலும்.

இதற்குச் சான்று நம் அண்டையிலேயே உண்டு. இந்திய யூதர் ஓய்வுநாளும் விருத்தசேதனமும் அன்றி மார்க்கம் அறியார் என்று இப்னு மைமூன் ஒரு கடிதத்தில் எழுதினார். அவர்தம் அன்புத் தம்பி தாவீது வாணிபத்துக்கு இந்தியா நோக்கி வந்தபோது கடலில் மாண்டார். அத்துயரால் தமையனார் ஓராண்டு நோய்ப்படுக்கையில் கிடந்தார். அவர் இந்தியாவைக் கண்டாரல்லர். கண்டிருப்பின், தம் கருத்தை மாற்றியிருக்கக்கூடும். கொச்சி யூதப் பெண்டிர் மலையாளத்தில் பாடிவந்த பாடல்கள் அவர்தம் கையெழுத்துக் குறிப்பேடுகளிலிருந்து தொகுக்கப்பெற்றுள்ளன. அவற்றுள் இறைவன் 'தம்புரான்' என அழைக்கப்படுகின்றான். திருவிதாங்கூரில் மன்னரைக் குறித்த சொல்லே அது. பத்மநாபபுரத்தை அடுத்து வாழும் நம்மவர்க்கும் பழகிய சொல். அச்சொல்லால் அழைத்தமையால் அப்பெண்டிர் மன்னனை வணங்கினார் என எவரும் கூறார். கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அப்பாடல்களும் உடன் சென்றன. நூல் அறியாத இடத்தில் கொள்கையைச் சுமந்தது பாட்டே.

தக்கலையின் வழி

இனி நம் வீட்டுக்கு வருவோம். தென்காசியில் பிறந்து, தக்கலையில் தறி நெய்து வாழ்ந்த பீர்முஹம்மது அப்பா அவர்கள் ஞானப்புகழ்ச்சி, ஞானரத்தினக் குறவஞ்சி, பிஸ்மில் குறம் முதலிய நூல்களைத் தந்தார்கள். ஆண்டுதோறும் ரஜப் மாதத்து நினைவு நாளில் ஞானப்புகழ்ச்சி தக்கலையில் இரவு முழுதும் பாடப்படுகின்றது. குறத்தி பாடும் நாட்டுப்புற வடிவில் பிஸ்மில்லாஹ்வின் பொருளை அமைத்ததும், சிங்கனும் சிங்கியும் வினாவி விடுக்கும் குறவஞ்சியில் மெய்ஞ்ஞானம் பேசியதும் தமிழுக்கு அவர்கள் செய்த அரும்பணி. சித்தர் மரபின் கலைச்சொற்களும் தமிழ்ச் சமயச் சொற்களும் அவற்றில் நிறைய உண்டு.

இச்சொற்களைக் காட்டி, இவை தவ்ஹீதுக்கு மாறு என்போர் நம்மிடையே உளர். அவர்தம் அச்சம் வெறும் பிடிவாதமன்று. இப்னு மைமூனை ஆட்கொண்ட அதே அச்சம். சொல் வழுக்கினால் கருத்து வழுக்கும் என்பது பொய்யன்று. ஆதலால் அதனை எள்ளுதல் ஆகாது. ஆனால் மேலே கண்டவற்றைக் கொண்டு மூன்று விடை கூறலாம்.

முதலாவது, சொல் பொதுவானது; கொள்கை அதன் மறுப்பிலும் ஏற்பிலும் உள்ளது. 'பராபரன்' மூன்று சமயத்தாரிடம் மூன்று பொருளில் நின்றதைக் கண்டோம். இரண்டாவது, புகழ்ச்சியை நீக்கிய தவ்ஹீது அறிஞர் சிலரின் உடைமையாய் நின்றுவிடும். அதனைத் தறிக்காரரும் மீனவரும் வீட்டுப் பெண்டிரும் சுமக்க வேண்டுமாயின், அவர்தம் மொழியில் அது பாட்டாக வேண்டும். மூன்றாவதே தலையாயது. அஷ்ஷூரா அத்தியாயத்தின் ஒரே வசனத்தில் திருமறை, இறைவனுக்கு ஒப்பானது எதுவும் இல்லை என்று நீக்குகிறது. அடுத்த மூச்சிலேயே அவன் கேட்பவன், பார்ப்பவன் என்று ஏற்றிச் சொல்கிறது. தன்ஸீஹும் புகழ்ச்சியும் அங்கே ஒரே வாக்கியத்தின் இரு கைகள். இப்னு மைமூன் ஒரு கையை மட்டும் பற்றினார். மறுகையை மட்டும் பற்றி, நீக்கத்தை மறந்து, சொல்லின் மயக்கத்தில் ஞானியை இறைவனாக்குவோர் யாராயினும் அவர்களும் தவறியவரே. இப்பாடல்களை நாம் ஓதவேண்டியது இவ்விரண்டும் ஒருங்கே விளங்கும்படியாகவே. அவற்றின் பொருள் அறியாது ராகம் மட்டும் பாடுவோர்க்கும், பொருளை விசாரியாது ஷிர்க் எனத் தீர்ப்பளிப்போர்க்கும் ஒரே மருந்துதான்: கற்றுணர்ந்த ஆலிமும் தமிழறிந்த புலவரும் கூடி அமர்ந்து செய்யும் உரை. உமறுப் புலவருக்குச் செய்குத்தம்பிப் பாவலர் செய்த பணியை அப்பா அவர்களின் நூல்கள் அனைத்துக்கும் செய்து முடித்தல் இத்தலைமுறையின் கடமையாகும்.

யூதரைப் பற்றித் தொடங்கிய ஆய்வு நம்மைப் பற்றிய ஆய்வாக முடிவதில் வியப்பில்லை. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் சமூகத்தாருக்கு விட்டுச்சென்ற வினா ஒன்றே: காணவொண்ணாத ஒருவனை நாவால் எங்ஙனம் கூறுவது? அதற்கு யூதர் தந்த விடைகளில் நாம் ஏற்பதும் உண்டு, மறுப்பதும் உண்டு. ஏற்பதை நன்றியோடும் மறுப்பதைச் சான்றோடும் கூறுவோமாக. ஓர் அரசின் கொடுமையைக் கண்டிக்கும் நா, அதே மூச்சில் மூஸா (அலை) அவர்களின் வேதத்தை ஓதிய ஒரு சமூகத்தின் ஏகத்துவத்தை மறுக்குமாயின், அந்த நா முதலில் அநீதி இழைப்பது தன் சொந்த மறைக்கே.